பல் கட்டுகிறவள் பார்த்த விண்மீன் திரள்

என் நாத்தனாருக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். என் கல்யாணத்தன்று என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தையே, கடைவாயில் ஒன்று சொத்தை என்பதுதான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வருஷம் அவளுக்கு இரண்டு விழித்திரையிலும் நடுப்பகுதி கெட்டுப்போனது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது கரித்திட்டாகிவிடும்; சுற்றியிருப்பது மட்டும் தெரியும். டாக்டர் கையை விரித்துவிட்டார். பல்லின் நிறம் பார்க்க முடியாதவளுக்குப் பல் செய்யும் லேப்பில் என்ன வேலை? வீட்டோடு முடங்கினாள். யார் கூப்பிட்டாலும் இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று ஒரே பாட்டு. சாப்பாடும் குறைந்தது. இப்படியே விட்டால் ஆள் தேறமாட்டாள் என்று பயந்தேன்.

மாடிவீட்டு இயற்பியல் வாத்தியார் ஒரு நாள் இருட்டியதும் மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். நான் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். அவர் காட்டியது ஒரு விண்மீன் திரள். தட்டையான உடம்பு, நடுவில் புடைப்பு, சுருள் சுருளான கைகள் மட்டும் கிடையாது. புது நட்சத்திரம் பிறக்க வேண்டிய வாயு எப்போதோ ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதாம். மிச்சமிருப்பதெல்லாம் பெரும்பாலும் கிழட்டு நட்சத்திரங்கள். அவற்றின் வெளிச்சம் இந்த மாடிக்கு வந்துசேர மூன்று கோடி ஆண்டுகள் ஆகியிருக்கிறது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எட்டிப் பார்த்தால் கும்மிருட்டு. இவ்வளவு மங்கலான வெளிச்சம் நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் பாருங்கள் என்றார் வாத்தியார். தள்ளிப் பார்க்கத்தான் பார்த்தேன். பாழாய்ப்போன கண் நடுவுக்கே ஓடியது. எனக்கு அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதிதான்.

நாத்தனாரைப் பிடித்து உட்காரவைத்தேன். வேண்டாவெறுப்பாகக் குனிந்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். ஒரு வருஷமாகச் சோற்றுத் தட்டைக்கூட ஓரமாகப் பார்த்தே பழகிய கண் அது.

"பருப்பைப் பக்கவாட்டுல பார்த்த மாதிரி இருக்கு அண்ணி. ரெண்டு முனையும் கூர்மையா இருக்கு" என்றாள்.

அதேதான் என்றார் வாத்தியார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பிக்கவே, போதும் எழுந்திரு என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் தலையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க அண்ணி. இதுக்கு நடுவுல கரி இல்ல. நடுவுலதான் வெளிச்சமே இருக்கு."