அழித்துவிட்ட பின்னூட்டம்

கரங்கான் என்ற ஊரை அடுத்த ஒரு தோட்டத் தொழிலாளர் இடுகாட்டைப் படமெடுத்து என் வலைப்பூவில் போட்டிருந்தேன். கல் இல்லாத மண்மேடுகள் நாற்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன். அவற்றில் பத்தொன்பதில் புதைந்திருப்பது யார் யார் என்று வாசகர்கள் பின்னூட்டத்தில் எழுதினார்கள்.

சென்ற மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு விளம்பரக் குப்பைப் பின்னூட்டங்களை அழிக்கப் போய், 'அனைத்தும்' என்ற கட்டத்தைத் தட்டிவிட்டேன். அந்தப் பத்தொன்பதும் சேர்ந்து போயின. நகல் இல்லை.

நான்காம் நாள் கூலிம் நகரிலிருந்து மேரி என்பவர் அழைத்தார்.

"ஐயா, நிலத்தக் காலி பண்ண வெள்ளிக்கிழமை இடுகாட்டத் தோண்டுறாங்க. அடையாளம் காட்டினா மாதா கோயில் கல்லறைக்கு மாத்தலாம், இல்லாட்டி பொதுக்குழிதான்லா. எங்கப்பா மேட்டு நம்பர அண்ணன் உங்களுக்கு எழுதியிருந்தாரே?"

"அண்ணனையே கேளுங்களேம்மா."

"அவரு போன வருஷம் தவறிட்டாருய்யா."

நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பின்னூட்டம் எழுதிய மற்ற பதினெட்டுப் பேரைத் தேடிப் பிடித்து அவரவர் மேட்டின் எண்ணைக் கேட்டுவிட்டேன். மிச்சம் இருபத்து மூன்று மேடுகள்; அவற்றில் ஏதோ ஒன்றில்தான் மேரியின் அப்பா. வெள்ளிக்கிழமை காலை மேரி இருபத்து மூன்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறகு இயந்திரம் வந்தது.

இப்போதெல்லாம் பின்னூட்டம் வந்த அன்றே நோட்டில் கையால் எழுதிவிடுகிறேன். முதல் வரியில் மேரியின் அப்பா பெயர் இருக்கிறது. எண் எழுத விட்ட இடம் காலியாகவே கிடக்கிறது.