இங்கிலாந்து மலையூரில் நான் நீக்கிய பெயர்

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: சிதம்பரத்தில் அந்த டேட்டா என்ட்ரி சென்டரை நடத்திய என் அக்கா வீட்டுக்காரர்; புவனகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும், ஆங்கிலம் பி.ஏ. முடித்த பெண்; கடலூரிலிருந்து எங்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட்; ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, டைப்ரைட்டிங் மட்டும் கற்றிருந்த நான்.

அது 2006. இங்கிலாந்தில் எங்கோ மலைமேல் இருக்கும் ஒரு சிற்றூரின் பழைய வரலாற்றை, ஸ்கேன் செய்த பக்கங்களைப் பார்த்து அப்படியே டைப் அடிக்க வேண்டும். எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. புவனகிரிப் பெண் அடித்துக்கொண்டே தமிழில் கதை சொல்லுவார். பனி மூடிவிட்டால், செத்தவரைக் கீழே கொண்டுபோக வழியில்லாமல் வாரக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருப்பார்களாம். ஒரு கல் வேலிக்காக இரண்டு குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொள்ளவில்லையாம். கீரப்பாளையத்தில் எங்கள் பெரியப்பாவின் வரப்புத் தகராறு அதைவிடப் பழசு என்று சொல்லிச் சிரித்தேன். உடனே பயம் வந்தது. இது வெள்ளைக்காரர் காதுக்குப் போய்விட்டால்?

அந்தப் பெண் லீவில் போன வாரம், ஊர்க்காரர்களின் பட்டியலை நான் தனியாக அடித்தேன். பாதிப் பேருக்குப் பின்னால் ஒரே பெயர் தொங்கியது. அப்படியே அனுப்பி யாராவது கேஸ் போட்டால் மாட்டுவது நான்தானே? அந்தப் பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு, நம் வழக்கப்படி, பக்கத்துக் கட்டத்தில் இருந்த அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, சிடியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

தப்பென்று திரும்பி வந்த அந்தச் சிடியோடுதான் ஏஜென்ட் அன்று நின்றார். என்னுடைய அந்த மாதக் கூலி ஆயிரத்து ஐந்நூறும் அதில்தான் மாட்டியிருந்தது. தவணையில் எடுத்த தையல் மெஷினுக்காக வீட்டில் மனைவி அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

"குடும்பப் பேரெல்லாம் எங்கய்யா போச்சு?"

"சாதிப் பேரு சார். போடக்கூடாதேன்னு எடுத்துட்டேன்."

மாமா தலையில் கைவைத்தார். "நம்ம தெருவுல முடியல. வெள்ளக்காரன் ஊருக்குப் போயி ஒழிச்சிருக்கான் பாருங்க."

"அது சாதின்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் ஏஜென்ட்.

"நல்ல நெலமெல்லாம் அந்தப் பேரு வச்சவுங்களுக்குத்தான். சர்ச்சுல முன்வரிசையும் அவுங்களுக்குத்தான். பொண்ணு குடுக்கறது எடுக்கறது எல்லாம் அவுங்களுக்குள்ளயே. மேடம்தான் படிச்சுச் சொன்னாங்க. வேற என்னா சார் அது?"

ஏஜென்ட் புவனகிரிப் பெண்ணைப் பார்த்தார். அவர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, "சரியாத்தான சார் கேக்கறாரு" என்றார்.

ஏஜென்ட் கணக்குக்குத் தாவினார். "எடுத்தவனே திரும்ப வை. பாதிக் காசு இப்ப, மீதி அங்க பாஸ் ஆனப்புறம்."

உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக அந்தப் பெயரைத் திரும்ப மாட்டினேன். "பாத்து அண்ணே," என்றார் அந்தப் பெண். "ஒருத்தருக்கு விட்டுட்டீங்கன்னா, பாவம், அவுரு முன்வரிசைய விட்டு எழுந்திருக்கணும்." அதற்குப் பயந்தே இரண்டு தடவை சரிபார்த்தேன்.

வேலை பாஸ் ஆனது. மீதிக்காகக் கடலூருக்குப் போனபோது ஏஜென்ட் டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் என்றார். மறுபடி போனபோது அவர் ஆபீஸ் இருந்த மாடியில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. எனக்கு இன்னும் வரவேண்டியது எழுநூற்றைம்பது ரூபாய்.