பச்சைக் கோடு ஆடுகிறது

ஆபரேட்டர் என்று சொன்னால்தான் அவரை ஆட்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் அறையில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அதனால் தனக்கு ஏதோ குறைந்துபோயிற்று என்று அவர் நினைத்ததில்லை. அந்தக் கவலையையெல்லாம் அடுத்தவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் அவர் வாயைத் திறந்தால், இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யாராவது நின்றுவிடுவார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதது போல நடந்துபோய்விடுவார்.

மனைவி இருந்தவரை காலையில் பேப்பர் படித்துக்காட்டுவது அவள் வேலை. மழை, விலைவாசி, எங்கோ பிறந்த யானைக்குட்டி என்று நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் படித்துவிட்டு, விபத்தையும் கொலையையும் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறாள். அது அவள் போன பிறகுதான் தெரிந்தது. தெரியவைத்தது கம்ப்யூட்டர். அதற்குத் தாட்சண்யம் கிடையாது. இணையத்தில் வரும் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்று விடாமல் வாசித்துத் தள்ளியது. உலகத்தில் இத்தனை சாவு நடக்கிறதா என்று ஆபரேட்டர் முதல் வாரம் அசந்துபோனார்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவர் ஒயர். அவருக்கும் பார்வை கிடையாது. பார்வையற்றோர் சங்கத்தில் பழக்கம். எந்த நேரமும் சட்டைப்பையில் நாலு கேபிள் சுருட்டி வைத்திருப்பதால் அந்தப் பெயர். பழைய பெட்டி ஒன்றை வாங்கி, காசில்லாமல் கிடைக்கிற கட்டற்ற மென்பொருளான லினக்ஸைப் போட்டு, எதைத் தொட்டாலும் வாயால் சொல்லும்படி அமைத்துக்கொடுத்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மானிட்டர் வைக்கவில்லை. "நமக்கு எதுக்குண்ணே அது, இடத்த அடைச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டார். மேசைமேல் ஒரு கீபோர்டும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அது வாயை மட்டும் வைத்துப் பிழைத்த பெட்டி. மூக்கடைத்த ஆள் மூச்சு விடாமல் பேசுவது போல இருக்கும். ழகரம் வாயில் நுழையாது. ஆனால் காலையில் எழுந்து பட்டனை அழுத்தினால் வீட்டில் ஒரு குரல் கேட்கும். ஹெட்போன் மட்டும் அவருக்கு ஆகாது. வேலையில் இருந்த காலமெல்லாம் மாட்டி மாட்டிக் காதோரம் காய்த்துப்போனது ஒரு பக்கம். காதை அடைத்துக்கொண்டால் கதவு பக்கம் யார் வந்தார்கள் போனார்கள் என்று தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

மனைவி போன வாரமே அக்கா, தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். அவர் மசியவில்லை. இந்த இரண்டு அறையும் அவருக்குக் கைரேகை மாதிரி. எந்த அலமாரிக் கதவு முனகும், எந்தக் குழாய் சொட்டும் என்பதெல்லாம் அத்துபடி. கடைசியில் அக்காவைச் சமாதானப்படுத்த ஒரு வாக்கு கொடுத்தார்.

"தனியா முடியலன்னு எனக்கே தோணுச்சுன்னா, அன்னைக்கே வந்துடறேன்க்கா. அதுவரைக்கும் என்னை விட்டுடு."

வாக்கு தவறாதவர் என்று பெயரெடுத்த மனிதர். அந்தப் பெயர்தான் பிறகு அவர் காலைச் சுற்றியது.

அக்கா நல்லவள். அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அவள்மேல் பழி விழும். வருகிறபோதெல்லாம் திரையில்லாத அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்து அவளுக்கு மனசு ஆறாது. தலையில்லாத முண்டம் மாதிரி இருக்கிறதே, தம்பிக்குப் பார்வை இல்லை என்று எவனோ ஏமாற்றிவிட்டானோ என்று புலம்புவாள். தன் பேரப்பிள்ளை போட்டோவைப் போட்டால் நாமாவது பார்க்கலாமே என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அத்தானும் புது மானிட்டரோடு வந்து இறங்கினார்கள். ஆபரேட்டர் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோதே அத்தான் அதைப் பெட்டியில் மாட்டி, பட்டனை அழுத்தி, படம் வந்தது என்று திருப்தியாகச் சொல்லி, உடனே அணைத்தும்விட்டார். மூவரும் தேநீர் குடித்தார்கள். மேசையில் தனக்கு உபயோகமில்லாத சாமான் ஒன்று வந்து உட்கார்ந்ததற்கு ஆபரேட்டர் நன்றி சொன்னார்.

மறுநாள் காலை பட்டனை அழுத்தினார். மின்விசிறி சுற்றும் சத்தம் வந்தது. குரல் வரவில்லை.

அணைத்துப் போட்டுப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டும் விசையை விரல் வலிக்க அழுத்தினார். பெட்டியின் பின்பக்கம் கைவிட்டுத் துழாவினார். ஸ்பீக்கர் ஒயர் அதன் இடத்தில் அழுத்தமாகத்தான் இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு தடித்த கேபிள் கையில் பட்டது. அது மானிட்டருடையது, பார்க்கிறவர்கள் சமாச்சாரம் என்று கை தாண்டிப் போய்விட்டது.

பட்டன் வைத்த பழைய போனில் ஒயரைக் கூப்பிட்டார். ஒயர் எடுத்த எடுப்பில் கேட்டது சரியான கேள்வி.

"கடைசியா என்னண்ணே மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலப்பா. வச்சது வச்சபடி இருக்கு."

பொய் சொல்லவில்லை. அவர் உலகத்தில் எதுவும் மாறவில்லை. சுவரில் புதுப்படம் மாட்டினால் அவருக்கு என்ன மாறும்?

ஒயர் போனிலேயே வைத்தியம் பார்த்தார். இந்த மூன்று விசையைச் சேர்த்து அழுத்துங்கள், இந்த வரியைத் தட்டுங்கள், கடைசியில் என்டர் போடுங்கள் என்றார். ஆபரேட்டர் தட்டினார். தட்டியது எங்கே போய் விழுந்தது, சரியாக விழுந்ததா, தப்பு என்று கம்ப்யூட்டர் திட்டுகிறதா, ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அது பேச வேண்டும். அது பேசுவதற்காகத்தான் இவ்வளவும். சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டின கதைதான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் சிரிப்பதா வேண்டாமா என்று புரியாமல் நின்றார்.

அக்காவைக் கூப்பிடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்து பார்த்தார். பேப்பர் கேட்க வழியில்லை. சங்கத்து நண்பர்கள் அனுப்பும் அஞ்சல்கள் உள்ளே குவிந்து கிடந்தன. மின்கட்டணத் தாளை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சாயங்காலமானால் வீடு அமைதியாக இருந்தது. குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. மனைவி போன முதல் மாதத்தில் இருந்த அதே அமைதி. அவருக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா ஓடிவந்தாள். நல்லவேளை மானிட்டர் வாங்கிப் போட்டோம் என்று சொல்லிக்கொண்டே அதன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒயர் போனில் சொல்லச் சொல்ல மவுசை நகர்த்தி, ஒலி அமைப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். கீபோர்டைத் தட்டச் சொன்னார் ஒயர். ஆபரேட்டர் தட்டினார்.

"டேய், பேசுதுடா! பச்சைக் கோடு ஒண்ணு ஆடுது. நீ தட்டத் தட்ட ஆடுது. கேக்குதாடா?"

"கேக்கலக்கா."

"நல்லாக் கேளு. இப்பவும் ஆடுதே. கேக்குதா?"

"கேக்கல."

கோடு ஆடினால் சத்தம் எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று ஒயர் யோசித்தார். சத்தம் எதன் வழியாக வெளியே போகிறது என்று எழுதியிருக்கும், படியுங்கள் என்றார். இங்கிலீஷில் நீளமாக ஏதேதோ இருக்கிறது, ஆடியோ என்று இருக்கிறது, டிக் அடித்திருக்கிறது என்று அக்கா தனக்குப் புரிந்ததை மட்டும் சொன்னாள். ஆடியோவில் டிக் இருந்தால் சரிதான், அப்போது ஸ்பீக்கர்தான் செத்திருக்கும் என்று ஒயர் முடிவு கட்டினார். புது ஸ்பீக்கர் வந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் கண்ணுக்கு முன்னால் அது பேசிக்கொண்டே இருந்தது.

அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் தன் மானிட்டரை மாட்டிப் பார்த்தார். அங்கேயும் ஊமை. எல்லாரும் வைத்திருப்பதை வைத்துக்கொள்ளாமல் இந்த ஓசிச் சரக்கை யார் போடச் சொன்னது, மொத்தத்தையும் அழித்துவிட்டு வேறு போடலாம் என்றார். பேசுகிற ஏற்பாடும் அதோடு போய்விடுமே என்று ஆபரேட்டர் பதறிப்போய் அதைத் திருப்பி வாங்கிவரச் செய்தார். பெட்டி பழைய இடத்துக்கு வந்தது. அத்தான் மறக்காமல் மானிட்டரையும் மாட்டினார்.

அன்றைக்கு அக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவர் மல்லுக்கு நின்றிருப்பார். அவள் பேசாமல் தான் வாங்கிவந்த பேப்பரை எடுத்துத் தலைப்புகளை மட்டும் வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு வேறு பக்கம் திருப்பினாள். எதையோ தாண்டுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"முடியலக்கா. வந்துடறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நல்ல காரியமென்றால் இழுத்தடிக்கிற உலகம், இதற்கு மட்டும் சிறகு கட்டிக்கொண்டது. வீட்டுக்காரருக்குக் கையோடு வேறு ஆள் கிடைத்தது. முன்பணம் திரும்பி வந்தது. சாமான் ஏற்றச் சின்ன லாரி வந்து வாசலில் நின்றது.

அன்று காலையிலும் பழக்கதோஷத்தில் ஆபரேட்டர் பட்டனை அழுத்தி வைத்திருந்தார். கட்டில், பீரோ எல்லாம் போன பிறகு, காலி அறையில் மேசை எதிரே உட்கார்ந்து கீபோர்டில் கையை வைத்தபடி இருந்தார். கண்ணாடிச் சாமான், முதலில் இதைப் பத்திரப்படுத்துகிறேன் என்று அத்தான் மானிட்டர் கேபிளை உருவி, அதைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்தார். ஆபரேட்டரின் விரல் சும்மா ஒரு விசையை அழுத்தியது.

"குப்பைத் தொட்டி" என்றது கம்ப்யூட்டர்.

காலி அறையாகையால் கணீரென்று கேட்டது. அடுப்படியில் இருந்த அக்கா பாத்திரத்தோடு ஓடிவந்தாள். ஆபரேட்டர் இன்னொரு விசையை அழுத்தினார். என் கோப்புகள் என்றது. அஞ்சல் என்றது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது பார்க்கலாம், அதை மாட்டுங்கள் என்று அத்தானை விரட்டினாள். அத்தான் போர்வையைப் பிரித்து மாட்டினார். ஆபரேட்டர் விசையை அழுத்தினார். ஒன்றுமில்லை. அவர் எழுந்து, பெட்டியின் பின்னால் கைவிட்டு, அந்தத் தடித்த கேபிளைத் தானே பிடுங்கினார்.

"குப்பைத் தொட்டி."

அந்தக் கேபிள் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகிற வகை; மானிட்டர் மாட்டினால் சத்தமெல்லாம் அதற்குள் போய்விடுகிறது. ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர். திரையில் ஒரு இடத்தில் டிக்கை மாற்றியிருந்தால் போதும். உதவ வந்தவர்களுக்கெல்லாம் பார்த்தால்தான் உதவ முடியும். அவர்கள் பார்ப்பதற்காக மானிட்டரை மாட்டியவுடன் இவருக்குக் கேட்காமல் போயிருக்கிறது.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான்தானாடா?"

"நீ இல்லக்கா. மானிட்டர்."

சாமானை இறக்கச் சொல்லுங்கள் என்று அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் வாசலுக்குப் போனார். மாடிப்படியில் புதிதாகக் குடிவருகிறவர்கள் அடுப்போடும் தூங்குகிற குழந்தையோடும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள். அத்தான் வழிவிட்டு நின்றார். திரும்பி வந்து மேசையைத் தூக்கினார். ஆபரேட்டர் பெட்டியைத் தானே மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அக்கா வீட்டில் ப்ளக் பாயிண்ட் இருந்த இடம் கூடம்தான். அங்கேயே கம்ப்யூட்டரை வைத்தார்கள். மானிட்டரை அக்கா பரண்மேல் ஏற்றிவிட்டாள், அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் எல்லாரும் சுற்றி நின்று அது பேப்பர் வாசிப்பதை ஆச்சரியமாகக் கேட்டார்கள். இரண்டாம் நாள் அத்தான் மட்டும் கேட்டார், சோபாவில் இருந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. பிறகொரு சாயங்காலம் அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் நல்லவர்தான். கம்ப்யூட்டர் மூச்சுவிடாமல் விபத்து ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தது. டிவி இன்னும் கொஞ்சம் ஏறியது.

அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று அவள் தவிப்பதும் தெரிந்தது.

"கொஞ்சம் குறைச்சுக்கறியாடா?"

குறைத்தார். போதுமா என்று அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். பதில் வராததால் இன்னும் குறைத்தார். ஸ்பீக்கரைக் கன்னத்தோடு இழுத்து வைத்து, காதை அதன்மேல் அழுத்திக்கொண்டார். டிவியில் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். பச்சைக் கோடு உள்ளே எங்கேயாவது ஆடிக்கொண்டிருக்கும். பார்த்துச் சொல்ல மானிட்டர் இல்லை.

அக்கா அவர் தோளில் கைவைத்தாள்.

"கேக்குதாடா?"

"கேக்குதுக்கா" என்றார் ஆபரேட்டர்.