படத்தோடு ஒட்டிப் போனது

அந்த ஸ்கேன் மையத்தில் படம் எடுப்பவரை, உடன் வேலை செய்கிறவர்கள் "பம்பரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளியிடம் "அசையாம படுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் அசைந்துகொண்டே இருப்பார்.

அன்று இயந்திரத்துக்குள் படுத்திருந்தது அவருடைய அக்கா. தலைக்குள் ஒரு கட்டி தெரிந்தது. வெளியூரில் இருந்த மூளை மருத்துவர், "படங்களை மெயில்ல அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வழக்கமாக சிடியில் போடுவதை அப்படியே ஒரே கோப்பாகச் சுருக்கி அனுப்பினார் பம்பரம். போன வேகத்தில் திரும்பி வந்தது: ஆபத்தான கோப்பு, அனுப்ப முடியாது.

"பாம்பையா அனுப்புறேன்? படம்தானே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். கோப்பின் பெயரில் அது என்ன வகை என்று காட்டும் கடைசி மூன்று எழுத்தை மாற்றினார். அப்போதும் மெயில் ஏமாறவில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பினார். இந்த முறை போய்விட்டது. ஆனால் பதில் இல்லை. வராந்தாவில் நடந்தார், போனைப் பார்த்தார், மறுபடி நடந்தார்.

"ஏன்டா, கட்டி எனக்கா உனக்கா?" என்றாள் அக்கா.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் அந்த மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கே போன் போட்டார். கணினிப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள்.

"வந்துச்சு சார். பூட்டியிருக்குறதால உள்ள என்ன இருக்குன்னு பார்க்க முடியல, மெயிலே தனியா ஒதுக்கி வச்சிருச்சு."

"அவசரம்மா, கொஞ்சம் திறந்து விடுங்களேன்!"

"ஸ்கேன் ரிப்போர்ட்னு வந்த ஒண்ணைப் போன வருஷம் திறந்துதான் எங்க கம்ப்யூட்டரெல்லாம் படுத்துச்சு. அதுல படத்தோட வேற ஏதாவது ப்ரோக்ராம் இருக்கா?"

இருந்தது. எந்தக் கணினியிலும் படம் தெரியட்டும் என்று, படம் காட்டும் சின்ன ப்ரோக்ராம் ஒன்றை ஒவ்வொரு சிடியிலும் இயந்திரமே சேர்த்துவிடும். அப்படி ஒன்று ஒட்டிக்கொண்டு போவதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. சொடுக்கினால் ஓடும் எதையும் மெயில் உள்ளே விடாது. அது நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது.

அதை நீக்கிவிட்டு வெறும் படங்களை மட்டும் அனுப்பினார். இந்த முறை தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் மருத்துவரே கூப்பிட்டார். "கெட்ட கட்டி மாதிரி தெரியல. ஆனா எடுத்துடணும். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

போனை அக்காவிடம் நீட்டிவிட்டு அவர் வெளியே ஓடினார். குழாயைத் திறந்து, ரொம்ப நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.