கஜீவன் வாங்கிய கிராபிக்ஸ் கார்ட்

கஜீவனுக்கு வாய்க்கு முந்திக் கை பேசும். பருத்தித்துறைக் கரையில் அவன் உடைத்த பற்கள் பல. கடைசியாக, வலை அறுந்த தகராறில் ஒருவனின் தாடையைத் துடுப்பால் பிளந்தான். நீதிமன்றம் சிறைத்தண்டனையை ஒத்திவைத்து அவனை வீட்டுக்கு அனுப்பியது. இனி யார்மேலாவது கை வைத்தால் உள்ளேதான்.

கொம்பியூட்டர் வாங்கிக்கொடுத்தவள் அவன் மனைவி பிரதீபா. "இஞ்சாருங்கோ, அடிபடாமல் இருக்கேலாதெண்டால் உதுக்குள்ளை அடிபடுங்கோ. உதுக்குள்ளை செத்தவன் திரும்ப எழும்பி வருவான்," என்றாள்.

அது வேலை செய்தது. கடலால் வந்து குளித்துச் சாப்பிட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்களைச் சுட்டான், குத்தினான், வீடுகளோடு எரித்தான். வெளியில் ஒருவரையும் தொடவில்லை. ஆனால் இயந்திரம் பழசு. எதிரி சுட்டுவிட்டுப் போன பிறகுதான் திரையில் படம் அசையும். செத்துச் செத்து அவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மேசையில் குத்தத் தொடங்கினான். அடுத்து எங்கே குத்துவான் என்று பிரதீபாவுக்குத் தெரியும்.

"நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வாங்கிப் போடுங்கோ," என்று சீட்டுக் காசை நீட்டினாள்.

அந்தக் காசுக்குப் புதுக் கார்ட் என்றால் மெமறி காணாது. அவனுடைய விளையாட்டை அது இழுக்காது. இழுக்கக்கூடியது வேண்டுமென்றால் பாவித்ததைத்தான் வாங்க வேண்டும். அரியாலையில் வீட்டோடு கொம்பியூட்டர் திருத்தும் ஜெபசீலனிடம் அப்படியொன்று இருந்தது. கஜீவன் போய்ச் சேர்ந்தது ஞாயிறு மத்தியானம். அன்று பின்னேரம் விளையாட்டில் அவனுடைய அணிக்குப் போட்டி.

ஜெபசீலனின் தகப்பன் நேசராஜா ஆராதனை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் விறாந்தையில் இருந்தார். ஓய்வுநாளில் அந்த வீட்டில் விற்பனையும் இல்லை, திருத்தமும் இல்லை.

"அவசரமெண்டால் சாமானைக் கொண்டுபோம் தம்பி. காசு நாளைக்கு. யாவாரக் கதை இண்டைக்கு வேண்டாம்."

ஜெபசீலன் ஏதோ கேட்க வாய் திறந்தான். தகப்பன் நிமிர்ந்து பார்த்தார். மூடிக்கொண்டான். கார்ட்டை ஓட்டிப் பார்க்காமலே கஜீவன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

பின்னேரம் சண்டை சூடுபிடித்த உடனே கொம்பியூட்டர் அப்படியே செத்தது. திரும்பப் போட்டான். திரும்பவும் செத்தது. அவனால் அணி தோற்றது. கூட்டாளி றொஷான் போன் எடுத்துச் சிரித்தான்: "அண்ணை, வாங்கினது கார்ட்டோ, கருவாடோ?"

திங்கள் காலை கஜீவன் கடலுக்குப் போகவில்லை. அரியாலைக்குப் போனான்.

"செத்த கார்ட்டைத் தலையிலை கட்டிப்போட்டியடா."

"அண்ணை, அது நல்ல கார்ட். உங்கடை பவர் சப்ளை எத்தினை வாற்ஸ்? நேற்றே கேப்பமெண்டு..."

"என்னையே கேள்வி கேக்கிறியோ?"

முதல் குத்தில் மூக்கெலும்பு உடைந்தது. இரண்டாவதில் உதடு பல்லில் கிழிந்தது. விழுந்தவனைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கி மேசை விளிம்பில் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறுபடி மோதக் கையை ஓங்கியபோது, குசினிக்குள்ளிருந்து ஓடிவந்த ஜெபசீலனின் மனைவி மதுஷா உலக்கையை இரண்டு கையாலும் பிடித்து அந்தக் கையில் இறக்கினாள். எலும்பு முறிந்தது முற்றத்துக்குக் கேட்டது.

கஜீவன் சுவரோடு சரிந்து இருந்துவிட்டான். நேசராஜா பொலிசுக்கு போன் எடுத்தார். ஜெபசீலன் தட்டுத்தடுமாறி எழும்பி, கார்ட்டைத் தன் இயந்திரத்தில் பொருத்தி அதே விளையாட்டைப் போட்டான். பாலம் வெடித்தது, ஆட்கள் சிதறினார்கள், புகைகூடத் தெளிவாக இருந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"உங்கடை பெட்டியிலை இருக்கிற பழைய சப்ளையாலை இதுக்குக் கரண்ட் குடுக்கேலாது. அதுதான் நிண்டது." ரத்தத்தைத் துப்பினான். "அதைத்தான் மாத்தியிருக்கோணும் அண்ணை. என்ரை மூஞ்சையை இல்லை."

வள்ளம் கரையில் கிடப்பதைக் கண்டதுமே பிரதீபா பஸ் ஏறியிருந்தாள். வந்தவள் புருஷனைப் பார்க்கவில்லை. ஜெபசீலன் தலையை அண்ணாந்து பிடித்திருந்தான். "குனியுங்கோ தம்பி. அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள்ளை போகும்," என்று பிடரியைப் பிடித்துக் குனியவைத்து, துவாயைக் கொடுத்தாள்.

"பிரதீபா, அவையோடை கதை," என்றான் கஜீவன். "என்னை உள்ளை போட்டிடுவாங்கள்."

ஜீப் வந்தது.

"ஆர் அடிச்சது?" என்றார் இறங்கிய பொலிஸ்காரர்.

நேசராஜா வாய் திறக்க முதல் பிரதீபா சொன்னாள்: "இவர்தான் சேர். என்ரை மனுசன். ஒத்திவைச்ச வழக்கும் ஒண்டு இருக்கு."

பிறகு ஒரு மட்டைப்பெட்டியைக் கிழித்து முறிந்த கைக்கு அணை கொடுத்து, தன் சால்வையால் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள்.

"விரலை ஆட்டுங்கோ."

ஆட்டினான்.

"ஆடுது. ஏறுங்கோ."