மூடாத கொடி

கோலத்தில் கோடு திறந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. புள்ளியைச் சுற்றிப் போன கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அப்படிப் பழகிய கைதான் சேதராப்பட்டில் என் மானத்தை வாங்கியது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, அங்கே துணி அச்சடிக்கும் பட்டறை ஒன்றில் டிசைன் வரையும் வேலை கிடைத்தது. "ஒரு மாசம் போய்ப் பாரு. சரிவரலன்னா நின்னுடு," என்றார் வீட்டுக்காரர். முதலாளியம்மாவும் அதே ஒரு மாதம்தான் தவணை சொன்னார். இரண்டு பேரும் பேசிவைத்த மாதிரி! எனக்கோ அந்த வேலையை விட மனசே இல்லை.

கடைசி வாரம், அதே டிசைனில் புதுத்துணி அச்சடிக்கச் சொல்லி ஒரு பழைய மெத்தை விரிப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துத் துணி. சாய்சதுரங்களுக்குள் நாலிதழ்ப் பூ, குறுக்கே வளைந்து ஓடும் கொடி. அதில் ஒரு கட்டத்தை மட்டும் கம்ப்யூட்டரில் வரைந்தால் போதும். அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்தால் துணி நிறைந்துவிடும். மூன்று நாள் கண் எரிய வரைந்தேன். கட்டத்தின் ஓரத்தில் கொடி அறுந்து நிற்பது பொறுக்கவில்லை. நுனியை வளைத்து உள்ளேயே சேர்த்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அச்சடித்த துணியை மேசையில் விரித்துப் பார்த்தேன். கொடி எங்கேயும் ஓடவில்லை. கட்டம் கட்டமாக, தனித்தனியாக அடைந்து கிடந்தது. முதலாளியம்மா துணியை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அச்சடிக்கும் அக்கா கடலோரத்து வைத்திக்குப்பத்துக்காரர்; மீன்வலை பின்னும் குடும்பம். அவர் சிரித்தேவிட்டார். "இன்னாம்மா, ஓரத்தையெல்லாம் மூடி வச்சிருக்க? வலைய இப்படி மூடிட்டா அடுத்த துண்டை எதுல கோக்குறது?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கோலத்துல தொறந்து வுட்டா சிரிப்பாங்கக்கா!"

"இது இன்னா உன் வூட்டு வாசலா?"

மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வலது ஓரத்தில் கொடி வெளியேறும் உயரத்திலேயே இடது ஓரத்தில் நுழையும்படி திறந்துவிட்டேன். மறுநாள் மேசையின் நீளத்துக்கும் அது நிற்காமல் ஓடியது. என் கட்டம் எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. அழுதுவிட்டேன். "திங்கக்கிழமை அடுத்த டிசைன் தர்றேன்," என்றார் முதலாளியம்மா.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார்: "மாசம் முடிஞ்சிடுச்சி இல்ல?"

"முடியல," என்றேன். "ஓரத்தைத் தொறந்து வுட்டிருக்கேன்."