மாப்பிள்ளைக்குக் கோதுமை பாஸ்தா

ரஹ்மத்துன்னிஸாவின் கைப்பக்குவம் காயல்பட்டினத்தில் அவள் தெரு முழுக்கத் தெரியும். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கறியில் உப்புப் பார்க்க அவளைக் கூப்பிட்டு விடுவார்கள். சாறை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி" என்றோ "இறக்குங்கோ" என்றோ சொல்லிவிட்டு வந்துவிடுவாள். மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஐம்பது வயதுக்கு மேல் பாஸ்தாவிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

கேட்டது மாப்பிள்ளை இல்யாஸ். தோஹாவில் விமானச் சரக்கு அலுவலகத்தில் வேலை. அவள் மகள் ருஷ்தாவைக் கட்டியபின் இது இரண்டாவது லீவு. சர்க்கரை விளிம்பில் நிற்கிறது என்று அங்கே டாக்டர் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். மாமியார் முகம் பார்த்து மாப்பிள்ளை பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவன் ருஷ்தாவிடம் சொன்னான். ருஷ்தா அடுப்படிக்கு வந்து சொன்னாள்.

"உம்மா, அவஹளுக்கு ராத்திரி சோறு, புரோட்டா எதுவும் வேண்டாமாம். பாஸ்தா போதுமாம். முழுக்கோதுமையில செஞ்சது."

"மாப்பிள்ளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு சேமியாவா?"

"சேமியா இல்ல உம்மா, பாஸ்தா."

"ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைதானளா."

அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். பகலில் உம்மா வீடு, பஜார், கூட்டாளிகள் என்று எங்கே திரிந்தாலும் ராத்திரிச் சாப்பாடு மனைவி வீட்டில்தான். அந்தச் சாப்பாட்டுக்கு ரஹ்மத்துன்னிஸா தன் உம்மாவிடமிருந்து வாங்கிய சட்டம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். எல்லாம் பாத்திரம் பாத்திரமாக மூடி, மேலே வெள்ளைத் துணி விரித்து, கை கழுவக் கிண்ணம் வைத்து ஆயத்தமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கிற வீடும் ஒரு வீடா? அவள் தங்கை வீட்டில் எப்போதோ ஒருநாள் அப்படி ஆகிவிட்டதைத் தெரு இன்னும் மறக்கவில்லை.

முதல் பாக்கெட்டை ஆறுமுகநேரியில் வாங்கினாள். வேகவைத்து வடித்து, கொத்துக்கறி வதக்கிச் சேர்த்து, மல்லி தூவி, அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும்போதே மூடி வைத்துவிட்டாள். இல்யாஸ் ராத்திரி இஷா தொழுது, பள்ளிவாசல் முன்னால் கூட்டாளிகளோடு பேசி முடித்து வந்தான். கதவுக்குப் பின்னால் நின்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி தட்டில் படுகிற சத்தம் சிறிது நேரம் கேட்டது. பிறகு தண்ணீர் குடிக்கிற சத்தம்தான் கேட்டது.

தட்டு அடுப்படிக்குத் திரும்பி வந்தது. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"ருசியாத்தான் இருந்துச்சாம் உம்மா. பசி இல்லையாம்."

"ருசியா இருந்தாப் பசிக்கும்ளா."

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். களி. சாக்கு நாரைக் கிண்டிய களி. தன் கையில் குற்றம் இருக்க முடியாது, பாக்கெட்டில்தான் என்று முடிவு கட்டினாள்.

அடுத்து வாங்கியது மெலிந்த குழாயாக இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ருஷ்தா பரிமாறும்போது கரண்டியோடு மொத்தமாகவே வந்தது. அதற்கடுத்தது பல்லில் நறநறத்தது. தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தாள். பாலையெல்லாம் அது குடித்துவிட்டு ஊதிப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் இல்யாஸ் ஒரே பதிலைத்தான் சொல்லி அனுப்பினான். ருசிதான், பசிதான் இல்லை. மனுஷன் வாயைத் திறந்து நல்லா இல்லை என்று சொன்னாலாவது ஒரு வழி பிறக்கும்.

ஒரு காலை பஸ் ஏறித் தூத்துக்குடிக்கே போனாள். அந்தப் பெரிய கடையில் சுவர் நீளத்துக்குப் பாஸ்தா. குழாய் மாதிரி, திருகாணி மாதிரி, வண்ணத்துப்பூச்சி மாதிரி. சிப்பி மாதிரி ஒன்று. உள்ளே ஒன்றும் இல்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டுகளின் முதுகைப் படிக்க ஆரம்பித்தாள். அந்தப் பகுதியில் நின்ற விற்பனைப் பெண் பக்கத்தில் வந்தாள். சட்டையில் ஜாஸ்லின் என்று பெயர் குத்தியிருந்தது.

"என்னம்மா தேடுதீங்க?"

"இதுல முன்னால முழுக்கோதுமைன்னு போட்டிருக்கு. பின்னால முதல் பேரு ரவைன்னு போட்டிருக்கு. எது பொய்?"

"ரவையும் கோதுமைதானம்மா."

"அது எனக்குத் தெரியாதா? தவிட்ட எடுத்துட்டா அது முழுசா?"

ஜாஸ்லின் அதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். "அப்ப இது. மொத்தமும் முழுக்கோதுமை மாவுதான்."

"ருசியா இருக்குமா?"

"இது சத்துக்கு வாங்குறதும்மா. ருசிக்கு வாங்குறவங்க அந்தா, அந்தப் பக்கம் போயி வெள்ளைப் பாஸ்தா எடுப்பாங்க."

"சத்து டாக்டருக்கு. மாப்பிள்ளைக்கு ருசி வேணும்."

"மாப்பிள்ளைக்கா?" ஜாஸ்லின் சிரித்துவிட்டாள். "அப்ப கஷ்டந்தான். இந்த நீலப் பாக்கெட்டை எடுங்க. வாங்கினவங்க திரும்ப வந்து கேக்காங்க. ஆனா வடிச்ச சூட்டுல சாப்பிட்ரணும்."

"வடிச்ச சூட்டுல சாப்பிட எங்க மாப்பிள்ளை என்ன அடுப்படியிலயா உக்காந்திருக்காஹ?"

நீலப் பாக்கெட்டை அன்றைக்கே சமைத்தாள். துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மல்லி வாடியிருக்கிறதே என்று புதிதாகத் தூவினாள். அதுவும் திரும்பி வந்தது. மறுநாள் இல்யாஸ் சாப்பிடவே இல்லை. வெளியே சாப்பிட்டுவிட்டானாம். அதற்கு மறுநாளும் அதேதான்.

எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடும் சாக்கில் கேட்டாள். "என்ன லாத்தா, மாப்பிள்ளை உம்மா வீட்டுலதான் சாப்பிடுதாஹளாமே. சண்டையா?"

"சண்டை என்ன சண்டை. உன் கொடி அறுந்திரப் போவுது, பாத்துப் போடு."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். முகம் எரிந்தது. லீவு முடிந்து அவன் விமானம் ஏறிவிட்டால் அவ்வளவுதான். மாப்பிள்ளை இந்த வீட்டில் வயிறாரச் சாப்பிடாமலே போனான் என்ற பேச்சு இங்கேயே தங்கிவிடும். அடுத்த லீவு வரைக்கும் அவள் எந்த வீட்டுக் கறியில் போய் உப்புப் பார்ப்பது?

சாயங்காலம் ஒரு டப்பாவில் கறிச் சமோசாவைப் போட்டுக்கொண்டு சம்மந்தி முத்து மரியம் வீட்டுக்குப் போனாள். வாசல் வழியாகப் போகவில்லை. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடக்கிற சந்தான முடுக்கு வழியாகப் போய்ப் பின்கதவைத் தள்ளினாள். திறந்தால் நேரே அடுப்படி.

இல்யாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய்த் துருவுபலகையில் உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. தட்டிலிருந்து ஆவி. வாயில் போட்டதை ஊதவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டே, இன்னும் போடு என்று உம்மாவுக்குக் கை காட்டினான். ஜன்னல் திட்டில் பாக்கெட் இருந்தது. நீலப் பாக்கெட்.

மாமியாரைப் பார்த்ததும் தட்டோடு எழுந்து உள்ளே ஓடிப்போனான்.

"வாங்கோ சம்மந்தி," என்றாள் முத்து மரியம். "பசிக்குதுன்னு வந்து நின்னான். வேற ஒண்ணும் நினைக்காதியோ."

"நான் என்ன நினைக்கப் போறேன். பெத்த பிள்ளை உம்மா வீட்டுல சாப்பிடக் கூடாதா?" டப்பாவை நீட்டினாள். "என்ன போட்டுச் செஞ்சியோ?"

"என்னத்தப் போட? பூண்டும் வத்தலும் தட்டிப் போட்டேன். கறிகூட இல்ல. அவன் வந்து உக்காந்த பொறவுதான் தண்ணியே வச்சேன். ஏன் லேட்டுன்னு கத்துதான். கத்துனா கத்தட்டும், நான் என்ன இவனுக்கு ஓட்டலா நடத்துதேன்?"

திரும்பி வரும்போது முடுக்கு முழுவதும் அவளுக்குள் அந்த ஆவி எழுந்துகொண்டே இருந்தது. குற்றம் பாக்கெட்டில் இல்லை. கையிலும் இல்லை. மூடி வைத்ததுதான். அவள் உம்மா சொல்லிக்கொடுத்தபடி, அணுவும் பிசகாமல் மூடி வைத்தது.

வீட்டில் அவள் கணவர் செய்கு அப்துல் காதிர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான்.

"கேட்டியளா, அந்தச் சனியன் ஆறக்கூடாதாம்."

"எதுதான் ஆறலாம்?" என்றார் பேப்பருக்குள்ளிருந்து.

"நீங்க வந்த புதுசுல உம்மா எல்லாத்தையும் மூடித்தானே வச்சாஹ? நல்லாத்தானே சாப்பிட்டியோ?"

பேப்பர் கீழே இறங்கியது. "இடியாப்பம் விறைச்சுக் கெடக்கும். புரோட்டா தோலு மாதிரி. கறியில நெய்யி கட்டியிருக்கும். நான் எங்க உம்மா வீட்டுல சூடாத் தின்னுட்டுத்தான் இங்க வந்து கொறிப்பேன். அதே முடுக்கு வழியாத்தான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது சொன்னியளா?"

"மாப்பிள்ளைச் சாப்பாட்ட எப்படிளா குறை சொல்லுறது?"

"ஆமா, எல்லாரும் மரியாதையா வாயப் பொத்திக்கிட்டு இருங்கோ. நான் ஒருத்தி ஊர் ஊரா பஸ் ஏறிப் பாக்கெட்டா வாங்கிச் சேக்குறேன்! இப்பயாவது சொல்லுங்கோ, இப்ப உங்களுக்குச் சூடா வேணுமா?"

"இப்ப சூடாத் தந்தா நாக்கு பொத்துப்போவும்," என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் ருஷ்தாவிடம் சொல்லி இல்யாஸைச் சாப்பிட வரவழைத்தாள். பூண்டைத் தட்டி வைத்தாள். பானையில் தண்ணீரை எடுத்து வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வெள்ளைத் துணி மடித்தது மடித்தபடி கிடந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. ருஷ்தா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"உம்மா, அவஹ உக்காந்துட்டாஹ. அங்கன ஒண்ணுமே இல்ல!"

"உக்காரட்டும்."

அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதிப்பேனா என்றது. கூடத்தில் இல்யாஸ் இருமினான். விரல் தரையைத் தட்டுகிற சத்தம் வந்தது. அவளுக்கு முதுகில் வேர்த்து வழிந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. காலையில் வடித்த சோறு இருக்கிறதே, அதையாவது முதலில் அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் கை போயிற்று. இழுத்துக்கொண்டாள். பாஸ்தாவைக் கொட்டினாள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, வடித்து, சட்டியில் பூண்டும் வத்தலும் வெடிக்கிற எண்ணெயில் புரட்டினாள்.

"ஓடு!"

ருஷ்தா ஓடினாள். ரஹ்மத்துன்னிஸா கதவுக்குப் பின்னால் நின்றாள். கரண்டிச் சத்தம் நிற்கவில்லை. ஊதுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. பிறகு அவன் குரல்.

"ருஷ்தா, இன்னும் இருக்கா?"

சட்டியில் இருந்ததை வழித்துக் கொடுத்தனுப்பினாள். ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துண்டைத் தான் எடுத்து வாயில் போட்டாள். அதே தவிட்டு வாசம். சூடாக இருந்தால் சூடான சாக்கு, அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை பாடு?

ருஷ்தா காலித் தட்டோடு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"நாளைக்கும் இதேதான் வேணுமாம் உம்மா. ஆனா..."

"என்னளா ஆனா?"

"தண்ணிய மட்டும் கொஞ்சம் முந்தி வச்சிரச் சொல்லுதாஹ."

ரஹ்மத்துன்னிஸா மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை உதறி எடுத்து, அடுப்பில் பொங்கி வழிந்திருந்த கஞ்சியைத் துடைக்க ஆரம்பித்தாள்.